துவாரபாலகன் தடுத்த கல்யாணம்

முகூர்த்தம் பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள். குருவையா ஒன்பதே முக்காலுக்கு டிவியைப் போட்டார். கல்யாணம் வரவில்லை. திரை நிறைய ஒரு சிவப்புப் பூட்டு வந்தது. பூட்டுக்குக் கீழே, ‘இந்த ஒளிபரப்பு இல்லத்தின் நலனுக்கு ஊறு விளைவிக்கும் என்பதால் தடுக்கப்பட்டுள்ளது. இங்ஙனம், துவாரபாலகன்’ என்று எழுத்து ஓடியது.

மனிதர் ரிமோட்டை உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டினார். டிவியை அணைத்துப் போட்டார். பூட்டு முன்னைவிடச் சிவப்பாக வந்தது.

“அட கருமமே!” என்றார்.

வீட்டில் வேறு ஆள் இல்லை. இருந்திருந்தால் அவர் பட்டு வேட்டி கட்டியிருப்பதையும், புளி போட்டு விளக்கிய பித்தளைச் செம்பில் தண்ணீர் நிறைத்து டீப்பாய்மேல் வைத்திருப்பதையும் பார்த்திருப்பார்கள். அந்த மானக்கேட்டை அவரால் தாங்கியிருக்க முடியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் பெற்ற மகளைத் தலைமுழுகியவர் அல்லவா அவர்!

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் முப்பத்து நாலு வருசம் டைம் கீப்பராக இருந்தவர் குருவையா. விசிலை வாயில் வைத்தால் வண்டி கிளம்பியாக வேண்டும். “ஒரு நிமிசம் முன்னாடியும் கெடையாது, பின்னாடியும் கெடையாது” என்பது அவர் வேதம். மகள் நிறைமதி காலேஜுக்குப் போகிற காலத்தில் ஒருநாள் ஓடி வந்து கையைக் காட்டினாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், விசிலை ஊதினார். அன்றைக்கு அவள் பரீட்சைக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். ஊரே அதைப் பெருமையாகப் பேசியது. அவர் மனைவி சொர்ணம் மட்டும் மூன்று நாள் உப்பில்லாமல் குழம்பு வைத்தாள்.

அந்த நிறைமதிதான் நார்வேயில் கடல் காற்றாலை கட்டுகிற கம்பெனியில் இருக்கிறாள். அங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பையன் கஜனைப் பிடித்துப் போயிற்று. பையன் மீன் பண்ணையில் டாக்டர், அதாவது மீன்களுக்கு டாக்டர். இதிலெல்லாம் குருவையாவுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை என்றால் நம்பத்தான் வேண்டும். அவருடைய கோபம் வேறு. மச்சினன் தவமணி ஒருநாள் போன் பண்ணி, “மாமா, ரொம்ப சந்தோசம்!” என்றான். “என்னடா சந்தோசம்?” என்று இவர் கேட்டார். அப்புறம்தான் தெரிந்தது, மகள் முதலில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், பிறகு மாமனிடம் சொல்லியிருக்கிறாள். பெற்ற அப்பன் மூன்றாவது ஆள்! குருவையா நேரே பின்கட்டுக்குப் போய் இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மகளைத் தலைமுழுகிவிட்டேன் என்று தெரு கேட்கக் கத்தினார்.

அதற்கப்புறமாவது ஒரு போன் பண்ணி, “அப்பா, தெரியாமப் பண்ணிட்டேன்” என்று சொல்லக் கூடாதா? எட்டு மாதம்! ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை, ஒரு பத்திரிகைகூட இல்லை. அதுதான் அவருக்கு உள்ளுக்குள் அரித்தது. சொர்ணம் அந்தப் பேச்சை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காராச்சேவுக் கடைப் பக்கம் போய்விடுவார். அவளும் பேச்சை விட்டுவிட்டாள். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் மணிக்கணக்காக நிற்பதை மட்டும் ஒரு வழக்கமாக்கிக்கொண்டாள். “கதவை மூடு, கரண்டு போகுது!” என்று இவர் கூடத்திலிருந்து சத்தம் போடுவார். “உள்ள குளுமையா இருக்குங்க” என்று பதில் வரும்.

பதினைந்து நாளைக்கு முன்னால் சொர்ணமும் தவமணியும் நார்வேக்குப் புறப்பட்டார்கள். ஆட்டோவில் ஏறிய பிறகு சொர்ணம் மூச்சுவிடாமல் சொன்னாள். “டிவி முன்னாடி உக்காந்தாப் போதும், அங்க மேடையில தெரிவீங்க. இங்க நீங்க செம்புத் தண்ணிய ஊத்துங்க, அங்க நான் ஊத்துவேன். மதி அப்படித்தான் ஏற்பாடு பண்ணிருக்கா. நீங்க வரலைன்னா எந்தம்பிதான் தாரை வார்க்கணும். அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது.”

“என் செருப்பு ஊத்தும்!” என்றார் குருவையா.

செருப்பு ஊற்றாது என்பது இன்று காலை நாலு மணிக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. தன் மகளைத் தவமணி தாரை வார்ப்பதா? சொந்தக் கல்யாணத்துக்கே தாலியை மறந்து பஸ்ஸில் வைத்துவிட்டு வந்தவன் அவன்!

துவாரபாலகன் கம்பெனிக்குப் போன் போட்டார்.

“என்ன புரோகிராம் சார் வரமாட்டேங்குது?” என்று கேட்டார்கள்.

“கபடி மேட்ச்சு” என்றார் குருவையா, கண்ணைச் சிமிட்டாமல்.

*

பத்தே காலுக்கு மெக்கானிக் வந்தாள். பெயர் முனீஸ்வரி, முப்பத்தைந்து வயசிருக்கும். சாத்தூர் வட்டாரத்துத் துவாரபாலகர்களையெல்லாம் கட்டி மேய்ப்பவள் அவள் ஒருத்திதான். வந்தவள் வேட்டியைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள்.

“கபடிக்கா அய்யா இவ்வளவு?”

“நான் மேட்ச்ச பக்தியோட பாக்குறவன். நீ வேலையப் பாரு தாயி.”

கையிலிருந்த கணினிப் பலகையைச் சுவரில் இருந்த துவாரபாலகன் பெட்டியோடு சேர்த்தாள். துவாரபாலகனைப் பற்றி அறியாத வீடு இப்போது இல்லை. பிள்ளைகள் குரலில் பேசி, பிள்ளைகள் முகத்தில் அழுது, பெரியவர்களின் பணத்தைச் சுருட்டுகிற கும்பல்கள் பெருகிய காலத்தில் வந்து சேர்ந்த காவலன் அவன். வீட்டுக்குள் வருகிற போன், படம், பாட்டு, செய்தி எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திச் சோதித்து அனுப்புவான். யாருக்கும் பயப்பட மாட்டான், வீட்டுத் தலைவர் சொல்லை மட்டும் தட்ட மாட்டான். குருவையாவுக்கு அவனை வாங்கிய நாளிலிருந்தே பிடிக்கும். சொன்னதைக் கேட்கிற ஒரே ஜீவன் என்று பெருமையாகச் சொல்வார்.

முனீஸ்வரி பெட்டியை அணைத்துப் போட்டாள். பூட்டு வந்தது. டிவியை ‘நம்பிக்கைக்குரிய சாதனம்’ பட்டியலில் சேர்த்தாள். பூட்டு வந்தது. விருந்தாளிகளுக்கான லைனில் மாற்றிப் பார்த்தாள். பூட்டோடு சேர்த்து ஒரு எச்சரிக்கையும் வந்தது.

“இவனைப் பிடுங்கிப் போட்டுட்டா?” என்றார் குருவையா.

“மூணு நாள் ஆகும்யா. திருடன் வந்து பிடுங்கிறக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க.”

“உன் போன்ல போட்டுக் காட்டேன்.”

அவள் போனில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “இது இந்த வீட்டு விலாசத்துக்கு மட்டும் தெறக்குற லைனு. போலி ஆளுக நுழைஞ்சிரக் கூடாதுன்னு விசேச வீடுகள்ல இப்படிப் பண்ணுவாங்க. ஏன்யா, கபடிக்கு எதுக்கு விலாசம்?”

குருவையா கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்தார்.

“சரி, அதையே கேப்போம்” என்று முனீஸ்வரி பெட்டியைப் பார்த்துத் திரும்பினாள். “பாலகா, எதுக்கு இதத் தடுத்து வச்சிருக்க?”

சுவரிலிருந்து நிதானமான குரல் வந்தது. “வணக்கம். இது இல்லத் தலைவரின் முதல்நிலை ஆணை. ஆணையின் ஒலிப்பதிவை ஒலிபரப்புகிறேன்.”

“வேணாம் வேணாம்!” என்று குருவையா எழுந்தார். அதற்குள் ஒரு வாளித் தண்ணீர் சளாரென்று விழுகிற சத்தம் கூடத்தை நிறைத்தது. பின்னாலேயே இரண்டாவது வாளி. அதன் பின்னால் அவருடைய சொந்தக் குரல்.

“இன்னையோட அவளைத் தலைமுழுகிட்டேன்! அவ மூஞ்சியும் வேணாம், சத்தமும் வேணாம்! இந்த வாசப்படிக்குள்ள அவ வாடையே வரக் கூடாது! கேட்டுச்சா எல்லாருக்கும்?”

கொஞ்ச நேரம் ஈரம் சொட்டுகிற சத்தம் மட்டும். சொர்ணம் பதில் சொல்லவில்லை. தெருவும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரே ஒரு குரல் பணிவாகச் சொன்னது. “கேட்டது, ஐயா.”

ஒலிப்பதிவு முடிந்தது. முனீஸ்வரி செம்பைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

“மகளுக்குக் கல்யாணமாய்யா?”

குருவையா நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. “பத்தரைக்கு மேல பதினொன்னரைக்குள்ள” என்றார் தணிந்த குரலில். “தாரை வார்க்கணும். நான் இல்லைன்னா மச்சினன் வார்த்துருவான்.”

மணி பத்து நாற்பது.

“எங்க அய்யாவும் எங்கக்காவ இப்படித்தான் தலைமுழுகுனாரு” என்று சொல்லிக்கொண்டே முனீஸ்வரி பலகையில் தேடினாள். “எங்கம்மா பின்வாசல் வழியாக் கூப்பிட்டுச் சோறு போடும். அய்யாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி முன்வாசல்ல உக்காந்து பேப்பர் படிப்பாரு. ஒரு வருசத்துல பேத்தியத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சாரு. கோவத்துல நாம சொல்றத ஒருத்தரும் கேக்க மாட்டாங்கங்கிற தைரியத்துலதான்யா சொல்றோம். உங்க கெட்ட நேரம், இவன் கேட்டுட்டான்.”

“இப்ப வேணாம்னு சொன்னா விட்டுருவானா?”

“சொல்லிப் பாருங்க. ஆனா மூணு வாட்டிதான் கேப்பான். மூணாவதும் சரியில்லைன்னா ஒரு நாள் முழுக்கப் பூட்டிருவான்.”

குருவையா எழுந்தார், துண்டைச் சரி செய்தார். சுவரைப் பார்த்து, வாழ்க்கையில் யாரிடமும் பேசியிராத குரலில் பேசினார். “ஐயா பாலகரே, தயவுசெஞ்சு என்னைய மன்னிக்கணும். அந்தப் பிள்ளைய உள்ள விட்டுருங்க. எம்மேலதான் தப்பு.”

பெட்டி இரண்டு விநாடி யோசித்தது.

“எச்சரிக்கை. ‘தயவுசெய்து’, ‘மன்னிக்கணும்’, ‘என்மேல்தான் தப்பு’ ஆகிய சொற்கள் இல்லத் தலைவர் குரலில் கடந்த பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பதிவானதில்லை. இது போலிக் குரலாக இருக்கத் தொண்ணூற்று நான்கு சதவீதம் வாய்ப்பு உள்ளது. முதல் முயற்சி நிராகரிக்கப்பட்டது.”

முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“சிரி தாயி, சிரி. என் பொழப்பு சிரிப்பா சிரிக்குது.”

“இல்லய்யா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எப்பவும் பேசுற மாதிரிப் பேசுங்க. அப்பத்தான் அதுக்கு அடையாளம் தெரியும்.”

“எப்பவும் பேசுற மாதிரிதானே?” குருவையாவின் கழுத்து நரம்பு புடைத்தது. “ஏண்டா டேய், வெங்கலப் பூட்டுக்குப் பொறந்த பயலே! எவன் வீட்டுல எவன்டா நாட்டாமை? எம்மவ கல்யாணத்த நான் பாக்கக் கூடாதுன்னு சொல்ல நீ யாருடா, மூதேவி? தெறடா கதவை!”

“குரல் முழுமையாகப் பொருந்துகிறது. வணக்கம், ஐயா” என்றது பெட்டி, பிரியமாக. “முதல்நிலை ஆணையைத் திரும்பப் பெறுவதற்கான காரணத்தைக் கூறவும்.”

“காரணமா?”

“மிரட்டலின் பேரில் ஆணை மாற்றப்படுவதைத் தவிர்க்கக் காரணம் அவசியம்.”

குருவையா முனீஸ்வரியைப் பார்த்தார். அந்நியப் பெண் பிள்ளை. அவள் முன்னால் காரணத்தைச் சொல்வதா? மீசை துடித்தது. “காரணம் என்ன காரணம்? சும்மாதான்!”

“‘சும்மா’ என்பது காரணமாக ஏற்கப்படவில்லை. இரண்டாம் முயற்சி நிராகரிக்கப்பட்டது.”

மணி பதினொன்று ஐந்து. குருவையா செம்பின் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பத்து நாலு வருசமாக எத்தனை பேர் ஓடி வந்து, “சார் சார், ஒரு நிமிசம்!” என்று அவரிடம் கெஞ்சியிருப்பார்கள். அத்தனை முகமும் இன்றைக்கு வரிசையாக வந்து நின்றது. வண்டி கிளம்புகிற நேரத்தில் வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

“அய்யா” என்றாள் முனீஸ்வரி. குரல் மாறியிருந்தது. “உங்க வீட்டு ஃபிரிட்ஜ இவன் கண்டுக்கவே மாட்டேங்கிறானே, ஏன்?”

அதற்கும் ஒரு கதை உண்டு. இரண்டு வருசத்துக்கு முன்னால் குருவையாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் ஃபிரிட்ஜைத் திறந்து சீரணி மிட்டாயை எடுக்கும்போதெல்லாம் துவாரபாலகன் சொர்ணத்துக்குத் தகவல் சொல்லிவிடுவான். ‘அடுத்து ஃபிரிட்ஜ் விசயத்துல மூக்கை நுழைச்ச, தொலைச்சுருவேன்!’ என்று அவர் போட்ட சத்தமும் முதல்நிலை ஆணையாகப் பதிவாகியிருந்தது.

“அதனால ஃபிரிட்ஜுக்கு மட்டும் கட்டுக்காவலே இல்ல” என்றாள் முனீஸ்வரி. “அது வழியா நார்வேக்கு முந்நூத்துப் பன்னெண்டு தடவை பேசியிருக்காங்க. எட்டு மாசத்துல.”

குருவையா அடுக்களைப் பக்கம் திரும்பினார். உள்ள குளுமையா இருக்குங்க! அடியே சொர்ணம்! மகளுக்கு அவள் சோறு போட்ட பின்வாசல் இதுதானா? கோபப்பட நேரமில்லை. அடுக்களைக்கு ஓடினார், செம்பு கையோடு.

*

ஃபிரிட்ஜ் கதவின் வெளிப்பக்கம் ஒரு சிறிய திரை இருந்தது. பால் எப்போது கெடும், முட்டை எத்தனை மிச்சம் என்று காட்டுகிற திரை. முனீஸ்வரி அதில் தட்டினாள். முட்டைக் கணக்கு மறைந்து கல்யாண மண்டபம் வந்தது.

நிறைமதி மேடையில் உட்கார்ந்திருந்தாள், அரக்குக் கூறைப்புடவையில். பக்கத்தில் கஜன், ஒல்லியாக, தூக்கக் கலக்கத்தோடு. அங்கே காலை ஏழேமுக்கால். சூரியனே மறையாத மாதத்தில் ராகுகாலத்தை எப்படிக் கணக்குப் போடுவது என்று ஐயர் குழம்பி, கடைசியில் சாத்தூர் நேரத்துக்கே முகூர்த்தம் குறித்திருந்தார். மணமக்களுக்கு எதிரே ஒரு நாற்காலி. நாற்காலியில் ஆள் இல்லை. ஒரு டிவி இருந்தது. டிவிக்கு மாலை போடாமல் அங்கவஸ்திரம் போர்த்தியிருந்தார்கள். அதன் பக்கத்தில் சொர்ணம். சொர்ணத்தின் பின்னால் தவமணி செம்பைத் தூக்கி, சாய்த்து, ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

“நேரம் ஆகுதும்மா” என்றார் ஐயர். “தாய்மாமனே வார்க்கட்டுமே.”

“பதினொன்னரை வரைக்கும் டைம் இருக்கு சாமி” என்றாள் நிறைமதி. “எங்கப்பா டைம் கீப்பரு. ஒரு நிமிசம் முன்னாடி வண்டிய எடுத்தாலும் தப்புதான்.”

குருவையா திரைக்குக் கிட்டே குனிந்தார். “ஏ மதி!” என்று திரையைப் பார்த்துக் கத்தினார். அங்கே யாரும் திரும்பவில்லை.

“அய்யா, கேமராவும் மைக்கும் உள்பக்கம் இருக்கு” என்றாள் முனீஸ்வரி. “காய்கறிய எண்ணுறதுக்கு வச்சது.”

“உள்ளயா?”

“ஆமாய்யா. கதவைத் தெறந்து தலைய உள்ள விட்டாத்தான் அங்க தெரிவீங்க. ஆனா கதவைத் தெறந்தா திரை அந்தப் பக்கம் போயிரும். நீங்க பாக்க முடியாது. நான் பாத்துச் சொல்றேன்.”

வேறு வழி? முப்பத்து நாலு வருசம் ஊரையே நிறுத்தியும் நடத்தியும் வைத்த மனிதர், பட்டு வேட்டியோடு மண்டியிட்டு, ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டார். மணி பதினொன்று இருபத்து மூன்று.

“அங்க டிவில ஃபிரிட்ஜு உள்பக்கம் தெரியுதுய்யா” என்று முனீஸ்வரி கபடி வர்ணனைக்காரி மாதிரி ஆரம்பித்தாள். “கத்திரிக்கா தெரியுது. எல்லாரும் சிரிக்கிறாங்க. இப்ப உங்க காது தெரியுது. இன்னும் கொஞ்சம் திரும்புங்க. மூக்கு வந்துருச்சு! உங்க சம்சாரம் எந்திரிச்சுட்டாங்க!”

“என்னங்க!” என்றது சொர்ணத்தின் குரல், பச்சை மிளகாய்ப் பொட்டலத்துக்குப் பின்னாலிருந்து. “தயிர்ச் சட்டிய ஓரமா நகட்டுங்க, முகம் மறைக்குது!”

நகட்டினார்.

“அப்பா…” என்றது இன்னொரு குரல்.

எட்டு மாதத்துக்கப்புறம் கேட்கிற குரல். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார். வாயில் வந்ததோ வழக்கமான வசவுதான். “கழுதை! எட்டு மாசமா ஒரு போன் போட உனக்குக் கை வரலை, என்ன? எனக்கு மூணாவதாச் சொன்னேல்ல? அம்மாவுக்கு மொதல்ல, அந்தத் தவமணிப் பயலுக்கு ரெண்டாவது, பெத்த அப்பன் மூணாவதா?”

“மூணாவதா?” நிறைமதியின் குரல் தடுமாறியது. “அப்பா, நீங்க என்ன சொல்றீங்க? நான் உங்களுக்கு…”

“இரு, நான் பேசிக்கிறேன்! தலைமுழுகிட்டேன்னு கத்துனேன்ல, அன்னைக்கு ராத்திரியே எனக்குச் சோறு எறங்கலை. நீயா போன் பண்ணட்டும்னு வீம்புக்கு உக்காந்திருந்தேன். நானே பண்ணியிருக்கலாம்ல? அப்பன்தானே நான்? தப்பு எம்மேலதான், போதுமா? உன்னையப் பாக்காம என்னால இருக்க முடியலை. அதான் காரணம், வேற ஒரு மண்ணும் இல்ல!”

கண்ணாடித் தட்டில் மூச்சுப்பட்டுப் புகை படர்ந்தது.

கூடத்திலிருந்து நிதானமான குரல் ஒன்று வந்தது. “குரல் பொருந்துகிறது. காரணம் ஏற்கப்பட்டது. முதல்நிலை ஆணை நீக்கப்படுகிறது, ஐயா.”

“அய்யா, ஹால் டிவி தெறந்துருச்சு!” என்று குதித்தாள் முனீஸ்வரி. “பெரிசாத் தெரியுது! வாங்க!”

“மணி என்ன?”

“பதினொன்னு இருவத்தெட்டு.”

“நகர நேரமில்ல. செம்பைக் கொடு தாயி.”

ஐயர் மந்திரத்தை விரட்டினார். “பொண்ணு கைய மாப்பிள்ளை கைல வச்சாச்சு” என்றாள் முனீஸ்வரி, ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் நின்று. “உங்க சம்சாரம் செம்பைச் சாய்க்கிறாங்க. ஊத்துங்கய்யா, ஊத்துங்க!”

குருவையா ஊற்றினார். தண்ணீர் கொத்தமல்லிக் கட்டின்மேல் விழுந்து காய்கறித் தட்டை நிறைத்தது. நாதஸ்வரம் ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து பிளந்துகொண்டு கேட்டது.

“தாலி ஏறிருச்சுய்யா! முப்பது ஆக நாலு விநாடி!”

“கரெக்ட் டைம்” என்றார் குருவையா. தலையை வெளியே எடுக்கும்போது மேல்தட்டில் இடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அந்த இடியைக் காரணம் காட்டினார். முனீஸ்வரியும் நம்பினாற்போல இருந்துகொண்டாள்.

*

கூடத்து டிவியில் நார்வேப் பந்தி நடந்துகொண்டிருந்தது. நிறைமதியும் கஜனும் முதல் இலையில். காலை எட்டரைக்கு வடை பாயசத்தோடு சாப்பிடுகிறவர்களை வெள்ளைக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். முனீஸ்வரி பெட்டியைப் பூட்டி, பலகையைப் பைக்குள் வைக்கப் போனாள்.

“இல்லத் தலைவருக்கு ஓர் அறிவிப்பு” என்றது துவாரபாலகன். “ஆணை நீங்கியதால், தனிமைப்படுத்தி வைக்கப்பட்ட இருநூற்று நாற்பத்து மூன்று செய்திகள் விடுவிக்கப்படுகின்றன. அனுப்பியவர், நிறைமதி.”

குருவையாவுக்கு முதலில் புரியவில்லை. “எத்தனை?”

“இருநூற்று நாற்பத்து மூன்று. தினம் ஒன்று. திருமணப் பத்திரிகை உட்பட.”

“அழிக்கலை, ஓரமாப் போட்டு வச்சிருந்திருக்கான்யா” என்றாள் முனீஸ்வரி மெதுவாக. “உங்க உத்தரவுதானே, வாசல்லயே நிறுத்திட்டான்.”

தினம் ஒன்று! போன் போடக் கை வரவில்லையா என்று அந்தப் பிள்ளையை அத்தனை பேர் முன்னால் கேட்டாரே! குருவையா செம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஒரு திருத்தம்” என்றது பெட்டி. “முதல் செய்தி தங்கள் ஆணைக்கு நான்கு நாள் முந்தையது. அது தங்கள் ஆணையால் தடுக்கப்பட்டதன்று. மோசடிச் சந்தேகத்தின் பேரில் நானே நிறுத்தினேன். வெளிநாட்டு எண். அழுகை கலந்த குரல். ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற வாசகம். மூன்றும் மோசடிக்காரர்களின் அடையாளங்கள்.”

“அதப் போடு” என்றார் குருவையா. மறுபடி சொன்னார். “போடுறா.”

நிறைமதியின் குரல் கூடத்தில் கேட்டது. சிரிப்பும் அழுகையும் கலந்து, எட்டு மாதத்துக்கு முந்தைய குரல்.

“அப்பா, நான்தான். ஒரு விசயம். உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீங்களும் இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஒரு பையனைப் பிடிச்சிருக்கு, பேரு கஜன். மீனுக்கு டாக்டர், சிரிக்காதீங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் மத்தவங்ககிட்ட சொல்வேன். ரெண்டு நாள் காத்திருப்பேன். பதில் போடுங்கப்பா.”

ரெண்டு நாள் காத்திருந்திருக்கிறாள். பதில் வரவில்லை. அப்பா கோபமாக இருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் அம்மாவிடம், அதற்கப்புறம்தான் மாமனிடம். அப்பா பதில் சொல்லவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. அவர்தான் முதல் ஆள். எப்போதும் அவர்தான் முதல் ஆளாக இருந்திருக்கிறார்.

குருவையா சுவரைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. “டேய் பாலகா! இந்த நிமிசத்தோட உன்னைய நான் தலை…”

“அய்யா!” முனீஸ்வரி பாய்ந்து வந்து கையை நீட்டி மறித்தாள். “வேணாம்யா! அதையும் கேட்டுக்குவான்!”

அவர் நிறுத்திக்கொண்டார். பெட்டியே கேட்டது. “இச்செய்திக்குப் பதில் அனுப்ப வேண்டுமா, ஐயா?”

குருவையா டிவியைப் பார்த்தார். நிறைமதி அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயசிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம்.

“சரின்னு அனுப்பு” என்றார்.

“‘சரி’. அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்டா அவ கேட்டது.”

திரையில் நிறைமதியின் இலைக்குப் பக்கத்தில் இருந்த போன் மினுக்கியது. பாயசக் கையை மடக்கிக்கொண்டு இடது கையால் எடுத்தாள். பார்த்தாள். மேலே தள்ளி, பழைய தேதியைப் பார்த்தாள். மறுபடி கீழே வந்து அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, பந்தி மொத்தத்தையும் விட்டுவிட்டு, நேரே கேமராவைப் பார்த்தாள்.

பின்னால் சொர்ணத்தின் குரல் கேட்டது. “என்னங்க, ஃபிரிட்ஜ மூடுனீங்களா? கரண்டு போகுது!”